வாசல் சுவிட்ச்

போன வாரம் பெரியவளை வாசல் சுவிட்ச் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். விரல் சுவிட்சின் மேல், வயிறு முழுக்க எரிச்சல். அணைத்தாளா இல்லையா என்று தவித்தவர்களுக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அணைத்தாள். டப்பென்று அணைத்துவிட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரே ஓட்டமாக உள்ளே போய், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

நல்லவள்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்லவளுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது எரியும்போது அவளும்தான் என்ன செய்வாள்?

கதைக்குப் புதிதாக வந்தவர்கள் முழிக்க வேண்டாம். ஒரு வீடு, ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள். மகன்கள் இரண்டு பேருக்கும் ஸ்டீயரிங் என்றாலே உதறல். மூத்தவர் அச்சகத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறவர். இளையவருக்கு வெளியூர் வேலை, மாதம் ஒருமுறை தலையைக் காட்டுவார். ஆகவே கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரே டிரைவர் பெரியவள்தான். அவள் தொழிலும் அதுவே. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் என்பதால் 'பிரேக் டீச்சர்' என்று பட்டப்பெயரே உண்டு.

வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும், "பெரியவளே, கொஞ்சம் வண்டி எடேன்" என்ற குரல்தான் முதலில் வரும். "எனக்கென்ன பத்துக் காலா, நாலு கையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுப்பாள். அந்த முணுமுணுப்பில் அவளுக்கு இருந்த சுகம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி இருந்த வீட்டுக்குள்தான் சின்னவள் மின்சாரக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

சின்னவள் பல் டாக்டர். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே பெரியவளிடம்தான். என்ன கார் வாங்கலாம் என்று சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தபோது பெரியவள் அடித்துச் சொன்னாள். "பெட்ரோல் வண்டியே வாங்கு. கரண்ட்ல ஓடற வண்டிய நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதே. நடு ரோட்டுல நின்னா பாட்டில்ல வாங்கிட்டு வந்து ஊத்தவா முடியும்?"

சின்னவள் மெதுவாகத்தான் கேட்டாள். "நான் கிளினிக்குக்குப் போயிட்டு வர்றேன், சாயங்காலம் இன்னொரு கிளினிக், அவ்வளவுதானே அக்கா? ராத்திரி வாசல்லயே நிக்கப் போகுது. நாம தூங்கறப்போ அது சாப்பிட்டுக்கட்டுமே. எப்பவாவது தூரம் போனா வழியில சார்ஜ் போட்டுக்கலாம்."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

கார் வந்தது. சத்தமில்லாமல் வந்தது, வந்த வேகத்தில் பெரியவளின் இடத்தையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. "சின்னவளே, வர்ற வழியில என்னை ஏத்திக்கிறியா?" என்று பெரியவளின் சொந்தப் புருஷனே போன் பண்ண ஆரம்பித்தார். பிரேக் டீச்சர் அந்தக் காரின் ஸ்டீயரிங்கை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டாள். ரோஷம்.

நேற்று மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரி. பெரியவளுக்கு வகுப்புகள் இருந்ததால் சின்னவளே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கண்ணில் கட்டோடு இறங்கிய மாமியார், வாசலிலேயே நின்று சொன்னாளே ஒரு வார்த்தை!

"மெத்தையில படுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சுடி பெரியவளே. உன் வண்டியில போனா இறங்கினதும் முதுகெலும்பை எண்ணிப் பாத்துக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள், அழுகையை விடக் கேவலமாக.

அந்த வீட்டில் ராத்திரி கேட்டைப் பூட்டுவது பெரியவள் பொறுப்பு. பூட்டைப் போட்டு இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் வாசல் விளக்கை அணைப்பாள், தண்ணீர் மோட்டாரை அணைப்பாள். பக்கத்தில் மூன்றாவதாகக் காருக்கென்று புதிதாகப் போட்ட சுவிட்ச். அதை மட்டும் தொடக் கூடாது, விடிய விடிய ஓட வேண்டும். நேற்று மலை ஏறி இறங்கி வந்த கார் அரைப் பட்டினியில் இருந்தது. கட்டுப் பிரிக்க இன்று காலை மறுபடியும் அதே தூரம் போயாக வேண்டும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால்? எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்?

அதுதான் கணக்கு. யாரையும் கெடுக்க அவள் நினைக்கவில்லை. தன்னைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். தன் பழைய பெட்ரோல் காரை நேற்றே கழுவித் துடைத்து, டாங்க்கை நிரப்பி வைத்திருந்தாள்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் குளித்துத் தலைவாரி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சின்னவள் அவளுக்கு முன்பே எழுந்து, சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெரியவளுக்குப் பக்கென்றது.

"என்னம்மா, இந்நேரத்துக்கே எழுந்துட்டே?"

"ஒண்ணுமில்ல அக்கா." சின்னவளின் முகம் வெளுத்திருந்தது. "சார்ஜ் சரியா ஏறல. முப்பத்தஞ்சு சதவீதம்தான் இருக்கு."

"அடப்பாவமே!" என்றாள் பெரியவள். அந்த 'அடப்பாவமே'யில் பாவம் கொஞ்சம்கூட இல்லை.

மாமியார் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். "ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. என்னடி ரெண்டு பேரும் மந்திராலோசனை பண்றீங்க?"

சின்னவள் சொன்னாள். "கார்ல சார்ஜ் கம்மியா இருக்கு அத்தை. நான்தான் ராத்திரி ப்ளக்கைச் சரியாச் சொருகல போலிருக்கு."

"நல்லா இருக்குடி உன் பொறுப்பு! வாயைத் திறன்னு ஊரையே மிரட்டறே, ஒரு ப்ளக்கை ஒழுங்காச் சொருக வரலையா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவளுக்கு உள்ளே ஒரு ஓரம் குளிர்ந்தது, இன்னொரு ஓரம் சுருக்கென்றது. குளிர்ந்த ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அதனால என்ன அத்தை? நான் எதுக்கு இருக்கேன்? என் வண்டி ரெடியா நிக்குது. வாங்க, போலாம்."

எத்தனை நாளாகச் சொல்லக் காத்திருந்த வசனம்! ஆனால் மாமியார் கையை ஆட்டிவிட்டாள்.

"ஐயய்யோ, வேண்டாம்டி. கண்ணு குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார். உன் வண்டி வேகத்தடையைப் பாத்தாலே குதிக்கும். இவ வண்டியே போகட்டும். வழியில எங்கயோ சார்ஜ் போடலாம்னு நேத்துக் காட்டினாளே?"

"ஆமா அத்தை. மலைக்கு முன்னாடி இருக்கு. கொஞ்ச நேரம் போட்டாப் போதும்."

"அப்புறம் என்ன? பெரியவளே, நீயும் வா. என் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கோ. நீ இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

பாருங்கள் விதியை. எந்தக் காரின் வயிற்றைக் காயப் போட்டாளோ, அதே காரின் பின் சீட்டில் அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டது.

கார் நழுவியது. சொல்லக் கூடாதுதான், ஆனால் மெத்தை என்று மாமியார் சொன்னதில் பொய் இல்லை. வேகத்தடை வந்ததே தெரியவில்லை. பெரியவள் சீட்டின் துணியைத் தடவிப் பார்த்தாள், கண்ணாடிக் கூரையைப் பார்த்தாள், சின்னவளின் கை ஸ்டீயரிங்கில் லேசாகப் படிந்திருப்பதைப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுத்த கை. அது ஓட்டுகிற வண்டி மட்டும் எனக்கு எட்டாத வண்டி. எதிரே லாரி வரும்போதெல்லாம் அவளுடைய கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது.

"அக்கா, பிரேக் என்கிட்ட இருக்கு" என்றாள் சின்னவள், கண்ணாடியில் பார்த்துச் சிரித்தபடி.

"தெரியுதும்மா. எல்லாமே உன்கிட்டதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அதில் இருந்த காரம் பெரியவளுக்கே தெரிந்தது. சின்னவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

டாக்டருக்கு மதியம் வேறு ஊரில் ஆபரேஷன்கள் இருந்தன. கிளம்புவதற்குள் போய்ச் சேராவிட்டால் மூன்று நாள் கட்டோடு காத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் சின்னவள் நெடுஞ்சாலையில் அழுத்தினாள். வேகம் ஏற ஏற, முன்னால் திரையில் இருந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பது. இருபத்தஞ்சு. இருபத்தொண்ணு. பெரியவள் பின் சீட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. வலிக்கிறது, கத்தவும் முடியாது.

சார்ஜ் போடும் இடம் வந்தபோது எண் பதினெட்டில் நின்றது. இரண்டு கம்பங்கள் இருந்தன. ஒன்றின் மேல் 'வேலை செய்யவில்லை' என்ற அட்டை தொங்கியது. மற்றதில் பார்சல் வேன் ஒன்று ஒயரை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று, தன் முறைக்காகக் காத்திருந்தது.

வேன் டிரைவர் டீ கிளாஸோடு நிழலில் உட்கார்ந்திருந்தான். சின்னவள் ஓடினாள். "அண்ணே, எவ்வளவு ஏறியிருக்கு?"

"எண்பத்தேழு."

"ஆஸ்பத்திரிக்குப் போறோம் அண்ணே. கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன்."

"நிறைய நிரப்பிட்டு வான்னு முதலாளி சொல்லியிருக்கார்மா. அவர்கிட்ட யாரு பேச்சு வாங்கறது?"

சாம்பல் கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். "நான் தொண்டைத் தண்ணி வத்தற வரைக்கும் பேசிப் பாத்துட்டேன் மேடம். எண்பதுக்கு மேல நத்தை மாதிரிதான் ஏறும், அதுக்குள்ள எடுத்துட்டா இன்னொருத்தர் பிழைச்சுப் போவார்னு சொன்னாப் புரியணுமே. அவன் எடுத்தாலும் அடுத்தது நான். என் வண்டியும் சாகக் கிடக்கு."

சின்னவள் திரும்பி வந்து ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள்.

'நடு ரோட்டுல நின்னா தெரியும்னு நான் அப்பவே சொன்னேனே!' இந்த வாக்கியம் மூன்று மாதமாகப் பெரியவளின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்கான நேரம் இதைவிட நன்றாக வாய்க்காது. ஆனால் அந்த வாக்கியம் வெளியே வரவில்லை. மாமியாரின் கை அவள் கைக்குள் சில்லென்று இருந்தது.

"ரெண்டு நிமிஷம் காத்திருந்தா ஆகாதாடி?" என்றாள் மாமியார்.

"ரெண்டு நிமிஷத்துல ஆகாது அத்தை. டாக்டர் போயிடுவார்." சின்னவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். "இருக்கற சார்ஜ்ல போனா மலை ஏறிடும்னு நெனைக்கிறேன். ஏறலைன்னா நடு மலையில நின்னுடும். நம்பரைப் பாத்தாலே எனக்குக் கை நடுங்குது. அக்கா, நீங்க ஓட்டறீங்களா?"

"நானா?"

"அன்னிக்கு டாங்க் காலியா இருந்தப்போ, உங்க வண்டியைத் தாஜா பண்ணி வீடு வரைக்கும் கொண்டுவந்தீங்களே. அந்த மாதிரி உங்களால மட்டும்தான் முடியும் அக்கா."

உங்களால மட்டும்தான். எதைக் கேட்பதற்காக நேற்று ராத்திரி சுவிட்சை அணைத்தாளோ, அந்த வார்த்தை. கேட்டபோது காது இனிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டால் தேவலை போல இருந்தது.

பெரியவள் இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தாள். சின்னவள் பின்னால் போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் பெரியவளின் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடித் துழாவியது. கியர் என்று கையை வைத்த இடத்தில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா!"

"ஒண்ணும் வேண்டாம் அக்கா. காலை அழுத்தினா போகும், எடுத்தா தானா வேகம் குறையும்."

"ஏசியை அணை. அத்தை, கொஞ்சம் புழுங்கும், பொறுத்துக்குங்க."

அப்புறம் பிரேக் டீச்சர் ஓட்டினாள். ஒரு வண்டியையும் முந்தவில்லை. சிமென்ட் மூட்டை லாரி ஒன்று முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. போதுமான இடைவெளி விட்டு, அதன் பின்னால் அதே நிதானத்தில் ஏறினாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். "போடா, போ, உனக்கென்ன, உன் டாங்க் நிறைஞ்சிருக்கு" என்று வழி விட்டாள். முட்டைமேல் கால் வைத்தது போல அழுத்தினாள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் விடாமல், வீணாக்காமல், வளைவின் போக்கிலேயே காரைத் திருப்பிக் கொண்டுபோனாள். எண் பதினாலு ஆனது. பதினொண்ணு. ஒன்பது. திரையில் ஏதோ சிவப்பாக எரிந்து, டிங் என்று சத்தம் போட்டது.

"என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்ல அத்தை. வண்டி கொட்டாவி விடுது."

உச்சிக்கு வந்தபோது எண் ஆறு. அங்கிருந்து இறக்கம் ஆரம்பித்தது.

பெரியவள் காலை மெல்ல எடுத்தாள். எத்தனை மாணவர்களிடம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறாள்: இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாதே, கியரைக் குறை, வண்டியே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. இந்தக் கார் சொல்லாமலே பிடித்துக்கொண்டது. பிரேக்கைத் தொடாமல், காலின் அளவிலேயே ஒவ்வொரு வளைவையும் தாண்டினாள். திடீரென்று திரையைப் பார்த்தவள் திகைத்துப் போனாள். ஆறு என்றிருந்தது ஏழு ஆகியிருந்தது.

"சின்னவளே! இது என்ன, ஏறுது?"

"இறக்கத்துல அப்படித்தான் அக்கா. வீணாப் போற வேகத்தைத் திருப்பி எடுத்துக்கும்."

"அடி ஆத்தீ!" பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷமாக எத்தனை மலை இறங்கியிருக்கிறாள், ஒரு சொட்டுப் பெட்ரோலாவது டாங்க்குக்குத் திரும்பி வந்ததுண்டா? மலை அடிவாரத்தில் எண் எட்டு. அந்த இரண்டை அவள் சம்பாதித்திருந்தாள். சிரிப்பு அடங்கிய கையோடு பழைய நெருப்பு இன்னும் உயரமாக எழும்பியது. இவ்வளவு நல்ல வண்டியா இது! இதுவா என்னுடையது இல்லை!

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எண் ஐந்து. டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார், மாமியாரைப் பார்த்ததும் பையை மறுபடி கீழே வைத்தார். நேற்று அங்கிருந்த சார்ஜரில் வேறு கார் நின்றதாம். இன்று காலியாக இருந்தது. சின்னவள் ப்ளக்கைச் சொருகிவிட்டு ஓடிவந்தாள்.

கட்டுப் பிரிந்தது. மாமியார் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், டாக்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், பிறகு மருமகள்களைப் பார்த்தாள்.

"பெரியவளே, உன் மூஞ்சி ஏன்டி இப்படி வாடிக் கிடக்கு? அடேயப்பா, எல்லாம் எவ்வளவு பளிச்சுனு தெரியுது!"

"கறுப்புக் கண்ணாடியை ஒரு வாரத்துக்கு எடுக்கவே கூடாது" என்று டாக்டர் மாட்டிவிட்டார்.

மாமியாருக்கு வாய் ஓயவில்லை. நர்ஸிடம் சொன்னாள், பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சொன்னாள். "எங்க பெரியவ மட்டும் இல்லேன்னா நடு மலையில நின்னிருப்போம். தூக்கம் வர்ற மாதிரி ஓட்டினா. சின்னவளே, நீ அவகிட்ட இன்னும் கத்துக்கணும்டி. ராத்திரி ப்ளக் சொருகறதுல இருந்து ஆரம்பி."

"சரி அத்தை" என்றாள் சின்னவள்.

பெரியவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை.

கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் இரண்டு காபியோடு வந்து, ஒன்றை நீட்டினாள்.

"உங்களைப் பாத்தாப் பொறாமையா இருக்கு அக்கா."

"என்னைப் பாத்தா உனக்கா?"

"ஆமா. மூணு மாசமா நான் ஓட்டறேன். அந்த இறக்கத்துல எனக்கு ஒண்ணுகூட ஏறினதில்ல, பிரேக்கை மிதிச்சிடுவேன். நீங்க முதல் தடவை உக்காந்து ரெண்டு ஏத்திட்டீங்க. அத்தையும் நேத்து வழி பூரா உங்க பேச்சுதான். 'இந்த வளைவுல பெரியவ இப்படித் திருப்புவா'ன்னு."

பெரியவள் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். இதை நேற்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

"அக்கா." சின்னவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காலைல நான் பாத்தப்போ ப்ளக் நல்லாத்தான் சொருகியிருந்துச்சு. சுவிட்ச்தான் அணைஞ்சிருந்துச்சு. நான் போட்டதுல கொஞ்சம் ஏறிச்சு."

வந்தது. பெரியவள் இதற்கான பதிலை ராத்திரியே போர்வைக்குள் தயார் பண்ணி வைத்திருந்தாள். "ஐயோ, நான்தான் அணைச்சிருப்பேன்மா! கேட்டைப் பூட்டிட்டு வரிசையா எல்லாத்தையும் அணைச்சே பழகின கை. தூக்கக் கலக்கத்துல அதையும் சேத்து அணைச்சிருக்கும். பழக்கதோஷம்."

சின்னவள் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். "சரி அக்கா. பழக்கதோஷம்தான்." டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்பிவிட்டாள்! அப்பாடா! பாவம், பல்லைத் தவிர வேறு எதையும் நோண்டிப் பார்க்கத் தெரியாத பெண்.

திரும்பும்போதும் பெரியவளே ஓட்ட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாள். அதோடு, "நான் முன்னாடி உக்காரறேன். புதுக் கண்ணுல ஊரைப் பாக்கணும்" என்று அவள் பக்கத்திலேயே ஏறிக்கொண்டாள். சின்னவள் பின்னால். கையில் ஸ்டீயரிங், பக்கத்தில் மாமியார், பேட்டரியில் நிறையச் சார்ஜ். மூன்று மாதமாக எதற்கு ஏங்கினாளோ அது எல்லாமே ஒரே நாளில் கிடைத்துவிட்டது. பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மலை ஏறி இறங்கிச் சமவெளிக்கு வந்துவிட்டார்கள். மாமியார் கடைப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். நடுவில் எதையோ நினைத்துக்கொண்டவள் போலத் திரும்பினாள்.

"கேக்கணும்னே இருந்தேன். நேத்து ராத்திரி வாசல் விளக்கை யாருடி அணைக்காம விட்டது? ஜன்னல் வழியா நேரா என் மூஞ்சியில அடிச்சுது. கட்டுப் போடாத கண்ணு பூரா ஒரே வெளிச்சம். விடியற வரைக்கும் எரிஞ்சுது."

பெரியவளின் கால் தானாக எழுந்தது, காரின் வேகம் குறைந்தது.

வாசல் விளக்கு. பூட்டை இழுத்துப் பார்த்ததும் கை முதலில் போகிற சுவிட்ச். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட மறக்காத சுவிட்ச். பழக்கத்தில் போன கை என்றால் அதையல்லவா முதலில் அணைத்திருக்கும்? விளக்கு எரிய, தொட்டி நிறைந்ததும் தானே நின்றுவிடுகிற மோட்டாரின் சுவிட்சும் போட்டபடி கிடக்க, காருக்கான சுவிட்சை மட்டும் தேடிப் பிடித்து அணைத்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

கண்ணாடியில் பார்த்தாள். சின்னவள் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் கோபமில்லை. காலையில் எரிகிற விளக்கின் கீழ் நின்று இதையெல்லாம் பார்த்தவள் அவள். பார்த்துவிட்டுத்தான், "நான்தான் சரியாச் சொருகல" என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"நான்தான் அத்தை காலைல அணைச்சேன்" என்றாள் சின்னவள் அவசரமாக.

"காலைல அணைச்சதை யாரு கேட்டா? ராத்திரி எரிய விட்டது யாருன்னு கேக்கறேன். கேட்டைப் பூட்டறது பெரியவதானே? அவ மறக்கறவ இல்லையே. கண்ணை மூடிட்டு அவளை நம்பலாமே."

பெரியவள் கண்ணாடியைப் பார்த்தாள். இண்டிகேட்டரைப் போட்டாள். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே ஒழுங்கோடு வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"ஏன்டி நிறுத்திட்டே? சார்ஜ் தீந்துடுச்சா?"

"இல்ல அத்தை. நிறைய இருக்கு."

"அக்கா, வேண்டாம்" என்றது பின் சீட்டு.

பெரியவள் திரும்பி, கண்ணாடி வழியாக இல்லாமல், சின்னவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"விளக்கை மறந்தது நான்தான் அத்தை. ஆனா ராத்திரி வேற ஒரு காரியம் பண்ணினேன். அதை மறந்து பண்ணல."

ஒரு வாரத்துக்கு எடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த கறுப்புக் கண்ணாடியை மாமியார் மெதுவாகக் கழற்றினாள்.